லாஃப்ட் குழாய்களைக் குளிர் வருமுன் கவனியுங்கள்

ஊரில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் வெயில் காயும். லண்டனின் பழைய வீடுகளில் அது ஓட்டுக்கூரைக்கு அடியில், லாஃப்ட்டில் இருக்கும். அங்கே ஹீட்டிங் கிடையாது. குடிபோன வாரமே ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். குழாயில் வரும் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் உள்ள வீடென்றால் தொட்டி இருக்காது, குழாய்கள் இருக்கக்கூடும்.

குழாய்களுக்கு நுரை உறை போடுவது எளிது. வளைவுகளிலும் இணைப்புகளிலும் இடைவெளி விடாதீர்கள். தொட்டிக்கு மூடி வேண்டும். வீட்டுக்குள் வரும் தண்ணீரை அடைக்கும் மெயின் வால்வு பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும். இறுகிப்போகாமல் இருக்க அவ்வப்போது திருப்பிப் பாருங்கள்.

இவையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று லண்டனின் ஹாரோ பகுதியில் என் நண்பர் குடும்பத்தைப் பதம் பார்த்தது. லாஃப்ட்டின் தரையில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குச் சூடு வெளியேறாமல் தடுக்கும் கண்ணாடி இழை மெத்தை விரித்தார்கள். அறைகள் கதகதப்பாயின, கேஸ் பில் குறைந்தது. ஆனால் அதுவரை அறைகளிலிருந்து மேலே கசிந்த சூடுதான் லாஃப்ட்டைக் காப்பாற்றி வந்தது. மெத்தை அதை அடைத்ததும் மேலே வெளிக்குளிரே குடியேறியது. வேலைக்கு வந்தவர்கள் குழாயை மெத்தைக்கு மேலே வெறுமனே விட்டுப் போனார்கள். தொட்டிக்கு அடியிலும் மெத்தையைச் செருகியிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பொங்கலுக்கு ஹீட்டிங்கை அணைத்துவிட்டு எல்லோரும் மதுரைக்குப் போனார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். செப்புக் குழாய் அதற்கு ஈடுகொடுக்காது. பிளந்தாலும் பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். குளிர் தணிந்த பிறகுதான் கொட்டும். திரும்பி வந்தபோது படுக்கையறைக் கூரைப்பலகை கட்டில்மேல் கிடந்தது. அலமாரியில் இருந்த கல்யாணப் பட்டின் சிவப்புச் சாயம், அடுத்த மடிப்பிலிருந்த வெள்ளை வேட்டி முழுவதும் இறங்கியிருந்தது. அந்த அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது என்னால் மறக்க முடியாதது.

இன்சூரன்ஸும் கைவிரித்தது. ஆளில்லாத வீட்டில் குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓட வேண்டும், அல்லது தண்ணீரை வடித்திருக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு வரி இருந்தது. உங்கள் பாலிசியில் அந்த வரியை இன்றே தேடுங்கள்.

ஆகவே மெத்தையைக் குழாய்க்கு மேலாகப் போர்த்துங்கள். தொட்டியின் பக்கங்களைச் சுற்றுங்கள், அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். கீழிருந்து வரும் சூடு அதற்கு வேண்டும். கடுங்குளிர் இரவில் லாஃப்ட் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது ஹீட்டிங்கைக் குறைத்து வைக்கலாம், அணைக்கக் கூடாது.

உறைந்துவிட்டதா? மெயின் வால்வை மூடி, அந்தக் குழாய் போய்ச் சேரும் டேப்பைத் திறந்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கிக் குழாயை ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள். நெருப்பைக் காட்டவே கூடாது. எங்காவது ஒழுகத் தொடங்கியிருந்தால் டிரையரைத் தொடாதீர்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.