மறதி வந்த பெரியவர்களோடு ஜெபமாலை சொல்ல

மறதி நோயில் முதலில் போவது புதிய நினைவுகள்தான். காலையில் இட்லி சாப்பிட்டது ஆயாவுக்கு நினைவிருக்காது. ஆனால் சின்ன வயதில் பழகிய மந்திரமும் பாட்டும் நெடுநாள் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டு ஜெபத்தை நடத்த வேண்டும்.

விளக்கு வைத்த பிறகு ஜெபமாலை சொல்வது நம் புதுச்சேரி வீடுகளில் வழக்கம். மறதி உள்ளவர்களுக்கோ பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். காலைப் பலகாரம் முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். டிவியை அணைத்து, காது மெஷினை மாட்டிவிட்டு, முகம் தெரியும்படி எதிரே உட்காருங்கள். 53 மணியும் வேண்டாம், ஒரு பத்து போதும்.

அவர்கள் படித்த பழைய வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று எடுத்துக்கொடுத்தால் மீதி தானாக வரும்; புதிய மொழிபெயர்ப்பில் தொடங்கினால் திகைத்து நின்றுவிடுவார்கள். "அடுத்து என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்கவே கூடாது. அது அவமானம். ஒரே மந்திரத்தைத் திரும்பச் சொன்னாலும் திருத்த வேண்டாம்.

நீண்ட மந்திரங்கள் நழுவிய பிறகும் மாதா பிரார்த்தனை கைகொடுக்கும். நீங்கள் ஒவ்வொரு புகழாகச் சொல்ல, அவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றால் போதும். பேச்சே நின்றுவிட்டால் சிலுவை அடையாளம் போட வலது கையைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோங்கள். பல நேரம் மார்புக்கும் தோளுக்கும் கை தானே போகும். பெரிய மர மணியுள்ள ஜெபமாலை பிடிக்க எளிது. மணியை வாயில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் தனியாகக் கையில் விடாதீர்கள். மெழுகுவர்த்தி எட்டாத மாடத்தில் இருக்கட்டும், சேலைத் தலைப்பு பட்டுவிடும்.

சாயங்காலம் "கோயிலுக்குப் போகணும்" என்று அடம்பிடித்தால், "காலையிலதானே போனோம்" என்று வாதாடாதீர்கள். மாதா படத்தைக் கையில் கொடுத்து ஒரு பாட்டைத் தொடங்குங்கள். வில்லியனூர் மாதா கோயிலுக்கு அழைத்துப்போவதானால் திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண வார நாள் நல்லது. கோயில் முன்னால் குளம் இருக்கிறது, கையை விடாதீர்கள்.

வீட்டுக்கு நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) கொண்டுவரப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவையுங்கள். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், நற்கருணை வாங்குமுன் இருக்கும் ஒரு மணி நேர உபவாசம் கட்டாயமில்லை. காய்ந்த அப்பம் அண்ணத்தில் ஒட்டும். அதனால் நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு துண்டு மட்டும் கொடுக்கச் சொல்லி, பின்னால் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுங்கள். தண்ணீரே புரையேறுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; அப்பத்தை விழுங்க முடியாதவருக்குத் தேவையென்றால் திராட்சை இரச வடிவில் மட்டும் கொடுக்கவும் திருச்சபைச் சட்டத்தில் இடமுண்டு. சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதலைச் சாகும் நேரத்துக்கென்று தள்ளிப்போட வேண்டாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

நேற்றுவரை ஜெபித்தவர் இன்று திடீரென்று உளறினாலோ, ஜெபத்தை வெறுத்துக் கத்தினாலோ பேய் என்றும் விசுவாசக் குறைவு என்றும் நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே ஜிப்மருக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப்போங்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றோடும்.