கந்தோவான் பாறை வீடுகள்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஈரானின் வடமேற்கில், தப்ரீஸ் நகருக்குத் தெற்கே, சஹந்த் எரிமலையின் சரிவில் இருக்கிறது கந்தோவான். கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகளைக் குடைந்து வீடாக்கி, இன்றும் மக்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் இதைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள்.

கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பது, ஜன்னலுக்குள் கேமராவை நீட்டுவது, துணி காயப்போடும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பது. இதெல்லாம் எந்த ஊரிலும் தவறுதானே? சில குடும்பங்கள் தாங்களாகவே வீட்டைக் காட்டுவார்கள். அவர்கள் கூப்பிட்டால் போங்கள். நல்ல படத்துக்காகப் பாறைமேல் ஏறவும் வேண்டாம். கீழே யாரோ சமைத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் நிற்பது அவர்கள் கூரை.

இவற்றை இயற்கைக் குகைகள் என்று எழுதுவது இன்னொரு தவறு. எரிமலை கக்கிய சாம்பலும் கற்களும் இறுகிப் பாறையாகி, மழையிலும் காற்றிலும் அரிக்கப்பட்டதில் கூம்புகள் உருவாயின. அதுவரைதான் இயற்கையின் வேலை. உள்ளே இருக்கும் அறை, மாடம், படி எல்லாம் மனிதர் குடைந்தவை. கால்நடைக்குக் கீழ்த்தளம், குடும்பத்துக்கு மேல்தளம் என்பது பழைய வழக்கம். தடித்த சுவர் குளிர்காலத்தில் வெப்பத்தை உள்ளேயே வைத்திருக்கும், கோடையில் வெயிலை உள்ளே விடாது. ஆனால் உளிக்கு இணங்கும் கல் அரிப்புக்கும் இணங்கும். துருக்கியின் கப்படோக்கியாவில் இதே போன்ற செல்வே கிராமத்தை, பாறை சரியும் அபாயத்தால் 1952இல் காலி செய்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். அதனால் சுவரில் பெயர் கீறுவதைச் சின்ன விளையாட்டாக என்னால் பார்க்க முடியவில்லை.

13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் படைக்கு அஞ்சி வந்தவர்களே ஊரை உண்டாக்கினார்கள் என்று சொல்வார்கள். வழிவழியாக வரும் கதையாகவே அதைச் சொல்லுங்கள், உறுதியான வரலாறாக எழுதிவிடாதீர்கள். ஊற்று நீர் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்றும் கேள்விப்படுவீர்கள். குடித்துப் பாருங்கள், ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம்.

அப்புறம், வெள்ளிக்கிழமை ஈரானில் விடுமுறை. ஒற்றையடிச் சந்துகளில் கூட்டம் நெரியும். வேறு நாள் பாருங்கள். குளிர்காலத்தில் படிகள் பனியில் வழுக்கும், பிடிமானமுள்ள காலணி வேண்டும். வெளிநாட்டு வங்கி அட்டைகள் ஈரானில் செல்லாது. ஊர்க்காரர்கள் விற்கும் தேனும் வால்நட்டும் வாங்க ரொக்கம் எடுத்துப் போங்கள். ஊர்ப்பேச்சு அசர்பைஜானித் துருக்கி. வாங்குவதற்கு முன் அந்த மொழியில் ‘சலாம்’ சொன்னாலே போதும், பேச்சு தொடங்கிவிடும்.