ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு சிற்றூரின் வரலாற்றை எடுப்பது எப்படி?

சிற்றூருக்கென்று யாரும் வரலாறு எழுதி வைப்பதில்லை. ஆனால் அங்கே பழைய கத்தோலிக்கப் பங்கு (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும்) ஒன்று இருந்தால், பிள்ளை யாருக்குப் பிறந்தது, யார் ஞானப்பெற்றோராக ஏந்தி நின்றார்கள் என்று வரி வரியாக எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும்.

முதல் வேலை, அது எங்கே இருக்கிறது என்று விசாரிப்பது. இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் முன்பு வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கலாம். அப்படியானால் பழைய பதிவுகளைத் தாய்ப்பங்கில் தேட வேண்டும். மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் போயிருக்கலாம். பங்குத்தந்தையிடம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுமதி கேளுங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். பழைய தாள் மேல் மை சிந்தினால் திருத்தவே முடியாது.

அடுத்து, பழைய பதிவுகளில் வரும் லத்தீன் மொழி. பயப்பட வேண்டாம், பத்துப் பதினைந்து சொற்களே திரும்பத் திரும்ப வரும். 'நாத்துஸ்' என்றால் பிறந்தவன், 'நாத்தா' பிறந்தவள், 'பத்ரீனுஸ்' ஞானத்தகப்பன். மாதத்தில்தான் பலர் தவறுவார்கள்: 7 என்று எழுதி 'பெர்' சேர்த்திருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர்.

ஒரு குழந்தைக்கு ஒரு வரி என்று படியெடுங்கள். பெயரின் எழுத்தைத் திருத்தாதீர்கள். பிறந்த நாள், ஞானஸ்நான நாள் இரண்டையும் குறியுங்கள். ஊர் முழுக்க இடைவெளி மாதக்கணக்கில் இருந்தால், குருவானவர் அபூர்வமாகத்தான் வந்துபோனார் என்று ஊகிக்கலாம். சாகக்கிடந்த சிசுவுக்கு மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அதுவும் எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் அவள் பெயர் இந்த ஒரு வரியில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

என்னைக் கேட்டால், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ஞானப்பெற்றோர் பெயர்கள்தான். 1563-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் அவற்றைக் கட்டாயம் எழுதச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு: அன்று, பிள்ளையை ஏந்துவதால் ஞானப்பெற்றோருக்கு உண்டாகும் ஞான உறவு திருமணத்துக்குத் தடை. அந்தத் தடைக்காக எழுதிய பெயர்கள் இன்று நமக்கு ஊரின் உறவு வரைபடம். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கோடு போட்டு இணையுங்கள். ஒரே மனிதர் பல வீட்டுப் பிள்ளைகளை ஏந்தியிருந்தால் அவர் ஊரில் செல்வாக்குள்ளவராகவோ கோவில் பணியாளராகவோ இருக்கலாம். ஒன்றையொன்று கூப்பிடவே கூப்பிடாத இரண்டு குடும்பங்களையும் கவனியுங்கள்.

ஓரக்குறிப்பையும் விடாதீர்கள். 1908 முதல், ஒருவருக்குத் திருமணம் ஆனால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்பது அங்கே தெரியும்.

இதை மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைகளும் பிற சமயத்தாரும் இதில் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் பதிவுகளை வெளியிடவும் வேண்டாம்.

கடைசியாக ஆண்டுவாரியாக எண்ணுங்கள். எண்ணிக்கை சட்டென்று சரிந்த ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு, அதே ஆண்டுகளின் அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.