அறைக்குள் பூட்டிவைத்தால் சரியாகிவிடுமா? ஹெராயினை நிறுத்தும் நாட்களில் வீட்டார் செய்யும் தவறுகள்

பையன் பவுடர் போடுகிறான் என்று தெரிந்ததும் யாங்கோன் தமிழ் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கோயிலுக்கு அழைத்துப்போய் சத்தியம் வாங்குவார்கள். பிறகு அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள். "ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும், தானா தெளிஞ்சிடும்" என்பார் வீட்டுப் பெரியவர். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் அது ஆபத்தான வைத்தியம்.

ஹெராயினை நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, பேதி, தூக்கமின்மை எல்லாம் உச்சத்துக்குப் போகும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா நாளில், ஊரே வெயிலில் காயும்போது, போர்வைக்குள் சுருண்டு கிடந்த ஒருவனைப் பார்த்திருக்கிறேன். கையெல்லாம் புல்லரித்து, கால் ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தது. "நடிக்கிறான்" என்றார் அவன் அம்மா. அது நடிப்பே இல்லை. இத்தனை நாள் ஹெராயின் அடக்கிவைத்திருந்த நரம்புகள் ஒரேயடியாகக் கட்டவிழ்வதால் வரும் அவதி அது. 4 முதல் 10 நாளில் பெரும்பாலும் தணியும்.

"குடிச்சா வாந்திதானே எடுக்கிறான்" என்று தண்ணீரை நிறுத்துவது முதல் தவறு. இந்த அவதியில் உயிர் போவது அரிது. போனால் பெரும்பாலும் நீர் வற்றித்தான் போகிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எதுவுமே வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அடுத்தது மருந்துக் கடை. பேதிக்குக் கொடுக்கும் லோப்பரமைடை அளவோடு கொடுத்தால் உதவும். கைநிறைய விழுங்கினால் அவதி குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். தூங்கவைக்க டயசிபாம், அல்பிரசோலம், சாராயம் என்று வீட்டாரே கொடுப்பது அதைவிட மோசம். அவன் ரகசியமாக ஒரு முறை ஹெராயின் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை நிறுத்திவிடும். வலி மாத்திரையான டிராமடாலும் ஹெராயின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டுதான், அளவு கூடினால் வலிப்பு வரும். ஹெராயினை நிறுத்தியதால் மட்டும் வலிப்பு வராது. வந்தால் வேறு ஏதோ உள்ளே போயிருக்கிறது, அல்லது குடியையோ தூக்க மாத்திரையையோ கூடவே நிறுத்தியிருக்கிறான் என்று பொருள். மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஹெராயினை நிறுத்தும் அவதியைத் தணிக்க டாக்டர் தரும் புப்ரெனார்ஃபின் நல்ல மருந்து. நண்பனிடம் வாங்கி அவசரப்பட்டுப் போடுவதுதான் தப்பு. உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே போட்டால் அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும். மூன்று நாளில் வர வேண்டிய அவதி மொத்தமும் அரை மணியில் வந்து விழும். கடைசியாகப் போட்டு குறைந்தது 12 மணி நேரமாவது கழிந்து, அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த பிறகே டாக்டர் தொடங்குவார். ஹெராயினுக்குப் பதிலாகத் தரப்படும் இன்னொரு மருந்தான மெத்தடோனிலிருந்து மாறுகிறவர் இன்னும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும்.

கர்ப்பிணிப் பெண் திடீரென்று நிறுத்தவே கூடாது. கருச்சிதைவோ குறைப்பிரசவமோ நேரலாம். டாக்டர் பார்வையில் மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோதான் வழி.

மெத்தடோன் என்றதும் "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று முகம் சுளிப்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. இந்த நாட்டில் 2006 முதல் மெத்தடோன் சிகிச்சை நடக்கிறது. தினமும் மருந்தாளர் முன்னால் குடிக்கும் சிரப் அது. அவதியும் இல்லை, ஊசியும் இல்லை, வேலைக்கும் போகலாம். அதைக் குடிப்பவருக்கு டிபி வந்தால் ஒரு விஷயம் முக்கியம். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் மெத்தடோனை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும், எச்.ஐ.வி.க்கான எஃபவிரென்ஸும் அப்படியே. அளவைக் கூட்டாவிட்டால் பழைய நடுக்கமும் வியர்வையும் திரும்ப வரும். பலர் "மருந்து ஒத்துக்கலை" என்று டிபி மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு டாக்டர்களுக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது கதவைத் திறக்கும் நாள். பத்து நாள் கழித்து முகம் தெளிந்து, சோறு கேட்டுச் சாப்பிடுகிறான். வீடே நிம்மதியடைகிறது. அதற்குள் உடம்பின் தாங்கு சக்தி இறங்கியிருக்கும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பழைய அளவை ஒரே ஒரு முறை போட்டால் போதும், மூச்சு நின்றுவிடும். இதை அவனிடமே திட்டாமல் சொல்லிவையுங்கள். ஹெராயின் அளவு மீறி நின்ற மூச்சை மீட்கும் மருந்தான நலோக்சோன் கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உதடு நீலமாகி, தட்டினாலும் எழவில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், நலோக்சோனைப் போடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் தனியே விடாதீர்கள். நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகும் ஹெராயின் உள்ளே இருக்கலாம்.