மைக்கில் சத்தம் பதிவாகவில்லையா? டிரைவரைத் தொடுவதற்கு முன்

கணினி மைக்கில் குரல் பதிவாகவில்லை என்றதும் பெரும்பாலோர் டிரைவரை, அதாவது அந்தக் கருவியைக் கணினி இயக்க உதவும் மென்பொருளை, நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கே தேடினாலும் இந்த ஆலோசனையே முதலில் கண்ணில் படுவதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் ஓர் உறவினரின் மடிக்கணினியில் டிரைவரை இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கடைசியில், விசைப்பலகையின் மேல் வரிசையில் குறுக்குக்கோடு போட்ட மைக் படம் உள்ள பொத்தானில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருப்பதை அந்த வீட்டுப் பையன்தான் காட்டினான். அந்த விளக்கு எரிந்தால் மைக் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஹெட்செட் வயரில் உள்ள நகர்த்து சுவிட்சும் இதே வேலையைச் செய்யும். சட்டைப் பையில் உரசி அது தானாகவே நகர்ந்துவிடுவதும் உண்டு.

அதைவிடப் பெரிய தவறு, பழுது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதாகும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, இன்புட் பகுதியில் உங்கள் மைக்கின் பெயரைத் திறந்தால், பேசும்போது ஏறி இறங்கும் ஒரு பட்டை தெரியும். பட்டை அசைகிறது, ஆனால் பதிவு மட்டும் வெறுமையாக இருக்கிறது என்றால், மைக்கும் வயரும் டிரைவரும் சரியாகவே இருக்கின்றன. தகராறு பதிவு செய்யும் செயலியில் இருக்கிறது. பட்டை அசையவே இல்லை என்றால் பின்னை, சாக்கெட்டை, சுவிட்சைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் தொடங்கும் எந்த வேலையும் குருட்டு வேலைதான்.

பட்டை அசையாத நிலையில் நான் முதலில் பின்னைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பேன். 3.5 மி.மீ. பின்னின் உலோகத் தண்டில் கறுப்பு வளையங்கள் இருக்கும். மொபைலுக்காக வந்த ஹெட்செட்டில் மூன்று வளையங்கள், அதாவது நான்கு தொடுமுனைகள் இருக்கும். அவற்றில் ஒன்று மைக்குக்கானது. மேசைக் கணினியின் பின்புறத்தில் உள்ள இளஞ்சிவப்புச் சாக்கெட்டோ இரண்டு வளையப் பின்னுக்காகச் செய்யப்பட்டது. மொபைல் ஹெட்செட்டை அதில் செருகினால் பின் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் மைக்கின் தொடுமுனை சாக்கெட் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்காது. இதற்குப் பிரிப்பான் வயர் ஒன்று தேவைப்படும். கடையில் அதைக் கேட்கும்போதும் கவனம் வேண்டும். ஏனெனில் ஒரே பாட்டை இருவர் கேட்பதற்காக இரண்டு ஹெட்போன்களைப் பொருத்தும் வயரும் பார்வைக்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஒரு முனையில் ஒற்றைச் சாக்கெட்டும் மறுமுனையில் மைக் படமும் ஹெட்போன் படமும் போட்ட இரண்டு பின்களும் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

நிறத்திலும் தவறு நேர்கிறது. பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் லைன் இன்னுக்கு. நீலச் சாக்கெட், பிளேயர் போன்ற கருவிகளிலிருந்து வரும் வலுவான சிக்னலுக்கானது. சிறிய கணினி மைக்குகளுக்கு வேண்டிய மெல்லிய மின்னழுத்தத்தை அது தராது, சிக்னலைப் போதிய அளவு பெருக்கவும் செய்யாது. இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒரே சாக்கெட்தான் இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே வேறொரு பொறி இருக்கிறது. சில கணினிகளில் பின்னைச் செருகியதும் என்ன கருவி பொருத்தினீர்கள் என்று ஒரு பெட்டி தோன்றும். அவசரத்தில் ஹெட்போன் என்பதை அழுத்திவிட்டால், காதில் பாட்டு நன்றாகக் கேட்கும், ஹெட்செட்டின் மைக் மட்டும் கணக்கில் வராது. பின்னை எடுத்து மறுபடி செருகி, ஹெட்செட் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

மைக் வேலை செய்கிறது என்று நம்பி வேறொரு மைக்கில் பதிவு செய்துகொண்டிருப்பதும் நடக்கிறது. வெப்கேமில் ஒரு மைக், மடிக்கணினியில் ஒரு மைக், ஹெட்செட்டில் ஒரு மைக் என்று இருக்கும்போது, விண்டோஸ் ஒன்றைப் பொதுவான இயல்புக் கருவியாகவும் இன்னொன்றை அழைப்புகளுக்கான இயல்புக் கருவியாகவும் வைத்திருக்கக்கூடும். ஜூமும், ஒலிப்பதிவுச் செயலியான ஆடாசிட்டியும் இவற்றுக்கு மேல் தத்தம் பட்டியலில் தனியாகவும் தேர்ந்தெடுக்க விடுகின்றன. ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால், கருவிகளை மறுபடி தேடச் சொல்லும் வரையிலோ, செயலியை மூடித் திறக்கும் வரையிலோ பட்டியலில் அது தெரியாமல் போகலாம். எந்த மைக் உயிரோடு இருக்கிறது என்று அறிய, ஹெட்செட் மைக்கின் தலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு மடிக்கணினித் திரையின் மேல் விளிம்பைச் சுரண்டுங்கள். எதற்குப் பட்டை துள்ளுகிறதோ அதுதான் பதிவாகிறது. கல்யாண மண்டப மேடையில் செய்வதுபோல ஊதிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். உள்ளே மெல்லிய உலோக நாடா உள்ள ரிப்பன் வகை மைக்குகளுக்கு அந்தக் காற்றே கேடு.

பட்டை அசைந்தும் செயலியில் குரல் வரவில்லை என்றால் அனுமதியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-இல் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதியின் மைக்ரோஃபோன் பக்கத்தில், ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிகள் பெயர் பெயராக வரிசையில் இருக்கும். வெளியிலிருந்து நிறுவிய டெஸ்க்டாப் செயலிகளுக்கோ அடியில் பொதுவாக ஒரே சுவிட்சு. மேல் பட்டியலில் தன் செயலியைத் தேடிக் காணாமல் பலர் திரும்பிவிடுகிறார்கள். கீழே உள்ள அந்தச் சுவிட்சு அணைந்து கிடப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. மேக் கணினியில் 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலியும் மைக்குக்கு அனுமதி கேட்கிறது. ஒருமுறை மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்காது. நாமாகவே செட்டிங்ஸில் சென்று அனுமதி தந்து, செயலியை மூடித் திறக்க வேண்டும். பிரவுசரில் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள சிறு படத்தை அழுத்தினால், அந்தத் தளத்துக்கு மைக் மறுக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் தங்கள் கையாலேயே மைக்கை மூடிவிடுகிறார்கள். மைக் இயங்கும்போது பாட்டின் தரம் பழைய தொலைபேசிபோல இறங்குவது, பெரும்பாலான ஹெட்செட்டுகளில் புளூடூத்தின் இயல்பு. கேட்பதற்கு ஒரு முறை, பேசுவதற்கு வேறொரு முறை என்று அது மாறுகிறது. அந்த மங்கலைப் பொறுக்காமல் பேசும் முறைக்கான ஹேண்ட்ஸ்ஃப்ரீ சேவையை நிறுத்திவைப்பவர்கள், பத்து நாள் கழித்து மைக் போய்விட்டது என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

சத்தம் வராதபோது, மைக்கின் சிக்னலைப் பெருக்கும் பூஸ்ட்டை 30 டெசிபல் வரை ஏற்றுவதும் பயன் தராது. வராத குரலை அது கொண்டுவராது, இரைச்சலைத்தான் பெருக்கும். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை வயருள்ள, வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் என்றால், அதைக் கணினியோடு இணைக்கும் இடைமுகக் கருவியில் 48 வோல்ட் என்று குறித்த பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் நிமிர்ந்து நிற்கும் மைக்குகளில் சில பக்கவாட்டில் குரலை வாங்குபவை. உச்சியில் வாயை வைத்துப் பேசினால் மெலிதாகவே பதிவாகும்.

இவ்வளவும் பார்த்தபின், அதே மைக் வேறொரு கணினியில் இயங்குகிறது, இங்கே கருவிகளின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறது அல்லது கருவியின் பெயரே இல்லை என்றால், அப்போது டிரைவரைத் தொடலாம். அதையும் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். எல்லா டிரைவர்களையும் புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாளே மைக் நின்றிருந்தால், டிவைஸ் மேனேஜரில், டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பும் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தானை முயன்று பாருங்கள். அது மங்கலாக இருந்தால், திரும்பிப்போகப் பழைய பதிப்பு அந்தக் கணினியில் இல்லை.