வயல் மீன் என்ன தின்கிறது? நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

நடவு முடிந்து 20 நாள் ஆன வயல் வரப்பில் குனிந்து பார்த்தால், பயிருக்கு நடுவே பொடிமீன்கள் ஓடும். காவிரிப் படுகையில், ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக மடை ஏறும்போது இவையும் கூடவே ஏறிவிடும். என்னத்தைத் தின்று வளர்கின்றன என்று கேட்டால் பாதிப் பேர் “சேறுதான்” என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், ஒரு அயிரையின் குடலைப் பிரித்துப் பார்க்கும் வரை.

தேவையானவை: கொசுவலைத் துணியில் தைத்த கைவலை, வெள்ளைப் பீங்கான் தட்டு, சின்னக் கத்தரிக்கோல், ஊசி, அடிக்கோல், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி கையில் இருந்தால் பாசியின் இழைகூடத் தெரியும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

படி 1: வயல்

புதிதாக மருந்து அடித்த வயல் வேண்டாம். மருந்தில் முதலில் சாவது பூச்சியும், தண்ணீரில் துள்ளும் பொடி உயிரான நீர்த்தெள்ளும்தான். மீன் பிழைத்திருந்தாலும் வயிறு காலியாக இருக்கும். மடை வாய், வரப்போரப் பள்ளம் இரண்டிலும் மீன் கூடும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

படி 2: வாய்

பிடித்த மீனைத் தண்ணீரோடு கண்ணாடிப் பாட்டிலில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். வாய் மேல்நோக்கி இருந்தால் அது நீர்மட்டத்தில் இரை எடுப்பது. தலை உச்சியில் வெள்ளிப்பொட்டு மின்னும் சின்ன மீனைப் பார்த்திருப்பீர்கள். கொசுப்புழு, தவறி விழுந்த எறும்பு எல்லாம் அதற்கு இரை. வாய் நேராக இருந்தால் நடுநீரில் மேய்வது, சல்லிக் கெண்டை போல. வாய் கீழ்நோக்கி, மீசையும் இருந்தால் தரையைத் துழாவுவது, அயிரை போல.

படி 3: வரப்பில் உட்காருதல்

காலை வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. கெண்டை நெல் தண்டில் படிந்த வழுவழுப்பைக் கொத்துவது தெரியும். அயிரை வாய் நிறைய மண்ணை அள்ளி, வேண்டியதை நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே தள்ளிவிடும். சேறு தின்கிறது என்ற பேச்சு இதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

பாட்டிலில் கொசுப்புழுவைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். பசித்த மீன் கிடைத்ததைத் தின்னும். வயலில் எதைத் தேடித் தின்கிறது என்பதற்குக் குடல்தான் சாட்சி.

படி 4: குடல்

இதற்கென்று மீனைக் கொல்ல வேண்டாம். குழம்புக்குப் பிடித்தவர்களிடம், மீன் ஆயும் நேரத்தில் கேட்டு வாங்குங்கள். அயிரையைச் சிலர் உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பார்கள்; அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்! வாங்கியதும் பனிக்கட்டியில் வையுங்கள். மீன் செத்த பிறகும் உள்ளே செரிமானம் ஓடும். முதல் தடவை நான் மதியம்வரை வெயிலில் வைத்திருந்துவிட்டுப் பிரித்தேன். பழுப்புக் கூழ் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

அடிவயிற்றில் வெட்டி, குடலை முழுசாக எடுத்து, சுருளைப் பிய்க்காமல் அடிக்கோலோரம் நீட்டி அளக்கவும். குறவை, விரால் போன்ற ஊன் தின்னிகளின் குடல் உடம்பைவிடக் குட்டை. பாசி மேயும் கெண்டையின் குடல் உடம்பைவிட நீளம். இலைதழை செரிக்க நேரம் பிடிக்கும் அல்லவா. கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. அதனால் தொண்டையை ஒட்டிய முன்குடலில் தேடுங்கள், அங்கேதான் இரை முழுசாகக் கிடக்கும்.

உள்ளிருப்பதைத் தட்டில் பிதுக்கி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊசியால் பரத்துங்கள். சிவப்பு நூல் துண்டு போல இருந்தால் சேற்றில் வாழும் புழு. கண்ணாடிச் சிப்பி போன்ற ஓடு நீர்த்தெள்ளு. பச்சை நூல் பாசி. பனையேறிக் கெண்டையில் பூச்சியோடு நெல்மணியும் கிடைக்கலாம். என் அயிரையின் குடலில் மணல் இருந்தது உண்மை. ஆனால் அதற்குள் சிவப்புப் புழுக்களும் இருந்தன.

படி 5: எண்ணுதல்

ஒரே வகையில் 10 மீனாவது வேண்டும். நோட்டில் கட்டம் போட்டு, எந்த இரை எத்தனை மீனில் இருந்தது என்று குறியுங்கள். 10 மீனில் 7-ல் கொசுப்புழு என்றால் 70 விழுக்காடு. மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல்வயலில்தான் பெருகுகிறது, ஆகவே இந்தக் கணக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. அதற்காகக் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை வாங்கி வயலில் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அது கொசுப்புழுவோடு நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும்.

பயிர் கதிர் வாங்கும்போது அதே வயலில் இன்னொரு தடவை பாருங்கள். தழை மூடி வெளிச்சம் குறைந்து பாசி அடங்கியிருக்கும். கெண்டையின் கட்டத்தில் பச்சை நூலுக்குப் பதில் எது ஏறியிருக்கிறது என்று தேடுங்கள்.