குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக்குவது எப்படி?

குளிர்காலம் தொடங்கியதும் பலர் முதலில் அலங்கார விளக்குகளையும் புதிய மெத்தை உறைகளையும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழையும் அறையில் எவ்வளவு அழகான பொருளை வைத்தாலும் அங்கே யாரும் நெடுநேரம் உட்கார மாட்டார்கள். எனவே, குளிரைத் தடுப்பதிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: காற்று வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலைகளை நன்றாக ஒதுக்கிவிட்டு, சன்னல் சட்டங்களின் ஓரமாகவும் கதவின் அடிப்பகுதியிலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் அலைபாய்ந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. சன்னல் இடுக்குகளில் நுரைப்பட்டையை ஒட்டலாம். கதவின் அடியில் பழைய துணியை இறுகச் சுருட்டி வைத்தாலே போதும். காற்றோட்டத்திற்கென்றே அமைத்த துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது.

இரண்டாம் படி: வெயில் விழும் சன்னல்களின் திரைகளைப் பகலில் திறந்து வைத்து, பொழுது சாய்ந்ததும் மூடிவிடுங்கள். கண்ணாடி குளிர்ந்துவிட்டால், அறையின் காற்று சூடாக இருந்தாலும் நம் உடல் தன் வெப்பத்தை அந்தக் கண்ணாடியை நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கிறது. தடித்த திரை அந்த இழப்பைக் குறைக்கிறது. இதே காரணத்தால், நாற்காலிகளை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் உள்சுவர்ப் பக்கம் நகர்த்துவது நல்லது.

மூன்றாம் படி ஒளி. வீட்டின் மகிழ்ச்சி பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவைப் பாருங்கள். 6500 கெல்வின் நீலம் கலந்த வெண்மை. 2700 கெல்வின் இதமான மஞ்சள். எண் குறையக் குறைய ஒளியில் மஞ்சள் கூடும் என்பதைத் தொடக்கத்தில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கூரையில் எரியும் ஒற்றை விளக்கை மாலையில் அணைத்துவிட்டு, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று சிறு விளக்குகளை மூலைகளில் வைத்து, அவற்றின் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும்படி அமையுங்கள். அதே அறை நெருக்கமாகவும் அமைதியாகவும் தோன்றும். பகலிலோ இதற்கு நேர்மாறாக, கிடைக்கிற சூரிய வெளிச்சம் முழுவதும் உள்ளே வர வேண்டும்.

நான்காம் படி: வெறுந்தரையில் கம்பளம் விரியுங்கள். அதன் இழைகளுக்கிடையே தங்கும் காற்று பாதத்தின் சூடு தரைக்கு இறங்காமல் தடுக்கும்.

அறையைச் சூடாக்கும் கருவியை (ஹீட்டர்) பயன்படுத்துவோர் திரை, போர்வை போன்றவற்றை அதிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கரி அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அறைக்குள் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவரின் உயிரையே பறித்துவிடும். குளிர்ப் பகுதிகளில் வீட்டின் உள்வெப்பநிலை 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

கடைசியாக, வீட்டில் எல்லோரும் கூடும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு விளக்கையும், சூடான பானத்தை வைக்கச் சிறு மேசையையும் அமையுங்கள். போர்வையை மடித்து அலமாரியில் பூட்டாமல், கையெட்டும் தூரத்தில் நாற்காலியின் மீதே போட்டு வையுங்கள்.